வியாசர்பாடியில் "எந்தப் பக்கம்?" என்று கேட்ட ஆலோசகரும், நான் திருப்பிக் கேட்க நினைக்கும் கேள்வியும்

கண்ணாடிவளையல் | ஞாயிறு, இரவு 11.40

வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 27. பிறந்து வளர்ந்தது வடசென்னை வியாசர்பாடி, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. அப்பா மாநகராட்சியில் தூய்மைப் பணியாளர். இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். நான் எழும்பூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பினால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் குறை எதுவும் இல்லை, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார்கள்.

கூவத்துக்குத் தெற்கே ஒருவரைப் போய்ப் பார்த்தேன். ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய். "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்றார். சொன்னேன். "வியாசர்பாடியா? அங்கே எந்தப் பக்கம்?" என்றார். அந்த "எந்தப் பக்கம்" எதைத் தேடுகிறது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இரவில் தனியாக வீட்டுக்குப் போகப் பயமாக இருக்காதா?" என்று கேட்டார். எனக்குப் பயமாக இருப்பது அலுவலகம். என் தெரு அல்ல.

இரண்டாவது அமர்வில் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பா இறந்தபோது உடன் வேலை செய்யும் இருவர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சுவரில் அப்பா சீருடையோடு இருக்கும் படம். அதற்குப் பிறகு மதிய உணவில் என் டப்பாவில் யாரும் கை வைப்பதில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு விரதம். இரண்டு வருடமாக வயிறு சரியில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை, அதுதான் சிக்கல். ஆலோசகர் கேட்டுவிட்டு, "இது உங்கள் அனுமானமாக இருக்கலாம். பிறர் மனத்தைப் படிக்க முயல்வது ஒரு சிந்தனைப் பிழை" என்றார். தினமும் நன்றி சொல்லத்தக்க மூன்று விஷயங்களை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் நாள் முதல் வரி: "கணேசபுரம் சுரங்கப்பாதையில் இன்று தண்ணீர் இல்லை."

மூன்றாவது முறை போகவில்லை. இப்போது வேறொருவரைப் பற்றி ஒரு தோழி சொல்லியிருக்கிறாள். போகும் முன் தொலைபேசியில் கேட்கலாமா? நீங்கள் எங்கே வளர்ந்தவர், சாதியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எங்களைப் போன்றவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா என்று? அம்மாவிடம் சொன்னேன். "வைத்தியரிடமா குலம் கோத்திரம் விசாரிப்பாய்?" என்று கோபித்துக்கொண்டார்.

---

பேசின்பாலம் | ஞாயிறு, இரவு 11.58

அந்த நோட்டின் முதல் வரிக்குச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் அதை எழுதியிருந்தால் பொய் சொன்ன பாவமும் சேர்ந்திருக்கும்.

தாராளமாகக் கேளுங்கள். 1,500 ரூபாய்க்குச் செருப்பு வாங்கினால்கூட போட்டு நடந்து பார்த்துத்தானே வாங்குகிறோம்?

---

நடுநிலைவாதி | திங்கள், காலை 7.15

உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்குப் போகும்போது மருத்துவர் எந்தத் தெருவில் வளர்ந்தார் என்றா கேட்கிறோம்? ஆலோசனை என்பது படித்துக் கற்ற தொழில். நல்ல ஆலோசகர் தன் அரசியலை வெளியே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வருவார். "நான் சமூகநீதி ஆள்" என்று பலகை மாட்டிக்கொண்டு உட்காருபவரிடம் எனக்குச் சந்தேகம்தான் அதிகம் வரும். உங்களுக்குக் கிடைத்தவர் திறமைக் குறைவானவர், அவ்வளவுதான்.

---

தறிச்சத்தம் | திங்கள், காலை 9.02

நடுநிலைவாதி அவர்களே, சர்க்கரையை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். மனத்தைப் பார்க்க அப்படி ஒரு குழாயும் இல்லை. கேட்பவரின் காதுதான் கருவி. அந்தக் காது எங்கே எதைக் கேட்டுப் பழகியது என்று தெரியாமல் அளவை எப்படி நம்புவது?

என் அப்பா பெரம்பூர் பின்னி ஆலையில் தறி ஓட்டியவர். 1996-ல் ஆலையை மூடினார்கள். 1918-லேயே சங்கம் கட்டிய தொழிலாளர்களின் ஊர் இது. ஆலைச் சங்கு ஊதினால் வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அதில் 22 வருடம் வேலை செய்தவர், அதன் பிறகு ஒரு அடுக்குமாடியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடிக்கத் தொடங்கியது அப்போது. பல வருடம் கழித்து ஒரு மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எத்தனை வருடமாகக் குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, குடும்பத்தில் வேறு யாருக்கு இந்தப் பழக்கம் என்று ஒரு தாள் முழுக்கக் கேள்வி. என்ன வேலை செய்தார், அது எப்போது போனது என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அப்பா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

பாதிக்கப்பட்டவனின் துன்பத்துக்கு நோய்ப்பெயர் வைப்பது இந்தத் துறைக்குப் புதிதும் அல்ல. 1851-ல் அமெரிக்காவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், எஜமானரிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருக்கிறது என்று எழுதினார். "டிரேப்டோமேனியா" என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஓடிப்போக நினைப்பது நோயாம். அடிமையாக வைத்திருப்பது ஆரோக்கியமாம். அவரும் தன் அரசியலை வாசலில் விட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைத்திருப்பார்.

---

உப்புக்காற்று | திங்கள், காலை 10.30

எண்ணூரிலிருந்து எழுதுகிறேன். 2023 டிசம்பர் 26 இரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நடு இரவில் கண் எரிச்சல், மூச்சு முட்டல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினோம். அதற்குச் சில வாரம் முன்புதான் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்திருந்தது.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அதற்குப் பிறகு ஜன்னலைச் சாத்தினால்தான் தூங்குவாள். சாத்தினால் வியர்வையில் தூக்கம் வராது. ஒரு முகாமில் ஆலோசகர் ஒருவர், "காரணமற்ற பயம், மெல்ல மெல்லத் திறந்து பழக்குங்கள்" என்றார். காரணமற்றதா? அவருக்கு எங்கள் ஊர் வாசனை தெரியாது, அவ்வளவுதான்.

இன்னொருவர் வந்தார். பின்னணி என்னவென்று நான் கேட்கவில்லை, இன்றும் தெரியாது. அவர் என் மகளிடம், "சரி, மறுபடி வாசனை வந்தால் நீ என்ன செய்வாய்? சேர்ந்து யோசிப்போமா?" என்றார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்ப்பது, ஈரத்துணி எங்கே இருக்கிறது, யார் வீட்டு மாடி என்று ஒரு படம் வரைந்தார்கள். படம் ஜன்னல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. ஜன்னல் இப்போது பாதி திறந்திருக்கிறது.

---

ஓய்வுபெற்ற செவிலி | திங்கள், பிற்பகல் 2.20

மகளே, அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் ஒன்பது வருடம் மனநலப் பிரிவு. அம்மா கோபித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. வடசென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்று சொன்னாலே வசவு. 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை. ஊருக்கு இன்னும் அது கேலிப்பெயர்தான். அப்படிப்பட்ட ஊரில் ஆலோசகரைத் தேடிப் போக நினைத்ததே பெரிய விஷயம்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாம் பிரிவை எல்லோரும் படிக்க வேண்டும். ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை அவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று அங்கே இருக்கிறது. பதினெட்டாம் பிரிவு, சாதி, மதம், பாலினம், பாலீர்ப்பு, வர்க்கம் பார்க்காமல் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. நடுநிலைவாதி தம்பி, சட்டமே இவற்றையெல்லாம் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது என்றால், நடக்கிறது என்பதால்தானே?

இன்னொன்று. "கவுன்சிலர்" என்று பலகை மாட்டியவர் எல்லோரும் ஒன்றல்ல. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அதை முதலில் கேள். நம் தெருக்காரர் என்பதற்காகப் படிப்பைக் கேட்காமல் விட்டுவிடாதே.

காசு நெருக்கடி என்றால் ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் தாங்க முடியாமல் போனால் 14416. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

---

நடுநிலைவாதி | திங்கள், மாலை 6.45

செவிலி அம்மா சொன்னதை ஏற்கிறேன். எண்ணூர் அம்மாவின் பதிவைப் பாருங்கள்: உதவியவரின் பின்னணி அவருக்குத் தெரியவே தெரியாது. அதைத்தான் நானும் சொல்கிறேன். பின்னணி பார்க்கத் தொடங்கினால் மீனவருக்கு மீனவர், தலித்துக்குத் தலித், முஸ்லிமுக்கு முஸ்லிம் என்று ஆலோசனை அறைக்குள்ளேயும் தெரு பிரித்துவிட மாட்டோமா?

---

மூன்றாவதுதெரு | திங்கள், இரவு 9.10

இந்த இடத்தில் நடுநிலைவாதியோடு நான் பாதி ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு.

நானும் கண்ணாடிவளையலின் ஊர்தான், சாதியும் அதுதான் என்று நினைக்கிறேன். தேடித் தேடி எங்கள் ஆள் ஒருவரையே கண்டுபிடித்துப் போனேன். எத்தனை நிம்மதியாகக் கதவைத் தள்ளினேன் தெரியுமா? வேலை நேர்முகத்தில் முகவரியைப் பார்த்ததும் குரல் மாறுவதைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "நானும் அதே முகவரியிலிருந்துதான் வந்தேன். நான் படித்து மேலே வரவில்லையா? ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்" என்றார். கண்ணாடிவளையல் பார்த்த அந்த முதல் ஆலோசகர் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். இவர் சொன்னபோது கூசிப்போனேன். ஒரு வருடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊர் ஆலோசகர் என்றால் அவருடைய சின்னம்மா நம் தெருவில் இருப்பார். கால்பந்து மைதானத்தில் அவர் தம்பியும் என் தம்பியும் ஒரே அணி. அறையில் சொன்னது அறையிலேயே இருக்கும் என்று மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

---

(இந்தப் பதிவு மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது) | திங்கள், இரவு 9.31

---

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.40

"எல்லாவற்றையும் சாதி ஆக்குகிறார்கள்" என்பது கருத்து. அதற்கு இடம் உண்டு. அதற்கு மேல் எழுதிய இரண்டு வரிக்கு இடமில்லை. முதல் ஆலோசகர் யார் என்று தனிச்செய்தியில் கேட்டு யாரும் கண்ணாடிவளையலை நச்சரிக்க வேண்டாம்.

---

வலைப்பின்னல் | செவ்வாய், இரவு 12.25

நான் ஆலோசகர். பதிவு எண் உண்டு, செவிலி அம்மா கவலைப்பட வேண்டாம். சனிக்கிழமைகளில் ராயபுரத்தில் கட்டணம் இல்லாமலும், மற்ற நாட்களில் கட்டணத்துக்கும் பார்க்கிறேன். படித்துவிட்டுப் பேசாமல் போகத்தான் நினைத்தேன், மூன்றாவதுதெரு எழுதியது விடவில்லை.

முதலில் என் பின்னணி, கேள்வியே அதுதானே. பிறந்தது அண்ணா நகர். சாதி என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. உச்சரிக்க வேண்டிய தேவை எங்களுக்கு இருந்ததில்லை. பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்குப் பின்கட்டில் ஒரு தனி தம்ளர் இருந்தது. நான் முதுகலை முடிக்கும் வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், கவனிக்கவில்லை. கண்ணாடிவளையல் சொன்ன "யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை" என் வீட்டுக் கதையும்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து.

தொழிலுக்கு வந்த புதிதில் காசிமேட்டுப் பெண் ஒருவர் வந்தார். (அவர் அனுமதியோடு, சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் படித்த துயரப் பாடத்தை எடுத்து வைத்தேன்: இழப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், விடைகொடுங்கள், அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொட்டு வைப்பதா வேண்டாமா என்று அதில் போட்டிருக்கிறதா அம்மா?" என்றார். வீட்டில் மாமியார், மகன் வருவான் என்கிறார். அரசு அலுவலகத்தில் இறப்புச் சான்று கேட்கிறார்கள். உடல் இல்லை என்றால் காணாமல் போனவர் ஏழு வருடம் கழித்துத்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏழு வருடம் இந்தப் பெண் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. அதுவரை உதவித்தொகைக்கான தாளும் நகராது. நான் அவரிடம் விடைகொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் என் மேற்பார்வையாளரிடம் போனேன். (எங்கள் தொழிலில் மூத்தவர் ஒருவரிடம் நம் வேலையை ஒப்புவித்துத் திருத்திக்கொள்வது வழக்கம். எல்லோரும் செய்வதில்லை, செய்ய வேண்டும்.) அவர், "அவருக்குத் தூக்கம் வராமல் இருப்பது துக்கத்தாலா, தாளாலா?" என்று கேட்டார். அடுத்த முறை அந்தப் பெண்ணோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். வெயிலில் வரிசையில் நின்றோம். சான்று அன்று கிடைக்கவில்லை, அதன் பிறகும் வெகுநாள் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றபோதுதான் அவர் முதல் முறையாகக் கணவரின் பெயரைச் சொல்லி அழுதார். என் அறையில் நான்கு அமர்வில் நடக்காதது.

வரிசையில் நிற்பது ஆலோசகர் வேலையா என்று கேட்ட சக ஊழியர்கள் உண்டு. எல்லை மீறல் என்றார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயமும் உண்டு. நான் எல்லோருக்காகவும் ஓடத் தொடங்கினால் அவர்கள் கையிலிருக்கும் வாழ்க்கையை நான் பிடுங்கிக்கொள்வேன். அன்று நிற்க வேண்டும் என்று தோன்றியது, நின்றேன். எப்போதும் சரியாகத் தோன்றும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு பையன். "கோபத்தைக் கட்டுப்படுத்தப் பயிற்சி தேவை" என்று ஒரு நிறுவனம் அனுப்பிவைத்தது. இரவுப் பணி முடிந்து வண்டியில் வரும்போது வாரம் இரண்டு முறை நிறுத்தப்படுகிறான். பை, கைபேசி, சட்டைக் காலர். நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். "மூச்சைப் பிடித்தால் லத்தி நிற்குமா மேடம்?" என்றான். பதில் இல்லை. மூச்சுப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை, இன்றும் அதைச் செய்கிறான், பிடித்திருக்கிறது என்கிறான். முதல் அமர்விலேயே அதை நீட்டியதுதான் தவறு. "உன் கோபம் நியாயம்" என்று யாராவது ஒருவர் சொல்லிய பிறகு நீட்டியிருக்க வேண்டும்.

இப்போது கண்ணாடிவளையல், உங்கள் கேள்வி. கேளுங்கள். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் முறை முகம் சிவந்தது, இரண்டாம் முறை பதில் இருந்தது. ஆனால் "எங்கே வளர்ந்தீர்கள்" என்பதைவிட நான் பயனுள்ளதாக நினைப்பது வேறு: "எங்களைப் போன்ற ஒருவரிடம் நீங்கள் தவறு செய்தது எப்போது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?" தவறே செய்ததில்லை என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். "சாதி பற்றி நீங்களே சொல்லிக்கொடுங்களேன்" என்று ஆர்வமாகக் கேட்பவரிடமும் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் 1,500 ரூபாயில் அவர் டியூஷன் படிக்கக் கூடாது.

---

செவ்வந்தி | செவ்வாய், காலை 8.05

வலைப்பின்னல் அக்கா சொன்ன அந்தக் கேள்விக்கு எனக்கு ஓர் உதாரணம் உண்டு, அதுவும் நீதிமன்றத்திலிருந்து.

நான் திருநங்கை. 15 வயதில் வீட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், "சரிசெய்துவிடலாம்" என்று மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் அமர்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஜூன் மாதம் வந்த உத்தரவில், பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மாற்றுவதாகச் சொல்லும் "சிகிச்சை" எதுவும் கூடாது என்றார். செய்பவர்கள் மீது தொழில்முறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவருக்கே "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடிந்திருக்கிறது. ஆலோசகர்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

---

நடுநிலைவாதி | செவ்வாய், காலை 11.50

இன்னும் எனக்கு முழு உடன்பாடில்லை. ஆனால் ஏழு வருட விஷயம் எனக்குத் தெரியாது. நேற்று நான் எழுதிய சர்க்கரை உதாரணத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

---

பேசின்பாலம் | செவ்வாய், பிற்பகல் 12.10

இந்த மன்றத்தில் ஒருவர் ஓர் உதாரணத்தைத் திரும்பப் பெற்ற நாள் என்று குறித்துவைக்கிறேன்.

---

கண்ணாடிவளையல் | இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 8.30

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். இன்று போய்வந்தேன்.

தொலைபேசியிலேயே கேட்டேன். குரல் நடுங்கியது. பதிவு எண் கேட்டேன், சொன்னார். பிறகு வலைப்பின்னல் அக்கா சொன்ன கேள்வி. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்ல கேள்வி. நேரில் வரும்போது சொல்கிறேன், யோசிக்க வேண்டும்" என்றார். நேரில் சொன்னார். அது அவருடைய கதை, இங்கே எழுதுவது சரியல்ல.

பிறகு அவரும் ஆரம்பித்தார்: "வியாசர்பாடியில் எந்தப் பக்கம்?" எனக்குத் தோள் இறுகிப்போனது. அதைப் பார்த்துவிட்டார். "ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. நான் பஸ் நிறுத்தத்துக்காகக் கேட்டேன், மாலை நேரம் என்றால் திரும்பிப் போகச் சிரமமா என்று. ஆனால் உங்களுக்கு வேறு எதுவோ கேட்டிருக்கிறது. என்ன கேட்டது?" என்றார். அதற்குப் பதில் சொல்லவே மீதி நேரம் முழுவதும் சரியாகப் போனது. சாப்பாட்டு டப்பா வரை இன்னும் வரவில்லை.

இவர்தானா என்று முடிவு செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போகிறேன்.

---

மூன்றாவதுதெரு | சனி, இரவு 8.52

கட்டணம் எவ்வளவு வாங்குகிறார்?

---

கண்ணாடிவளையல் | சனி, இரவு 8.55

800. "முடியாத மாதம் சொல்லுங்கள்" என்றார். தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். முதல் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.